பழைய இன்ஜினும் புதிய இன்ஜினும்: போடிமெட்டு ஜீப் முதல் சந்தக்ஃபூ லேண்ட் ரோவர் வரை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, "நாற்பது வருஷம் கிரீஸ் அப்பின கை இது, எனக்கு என்ன எழுத வரும்?" என்றுதான் முதலில் சொன்னேன். தெரிந்ததை எழுதுங்கள் போதும் என்றார். எனக்குத் தெரிந்தது இன்ஜின் ஒன்றுதான். அந்த வாரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு கேள்வியும் வந்திருந்தது. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேட்டவர் என் தாய்மாமன் மகன். ஊர் போடிநாயக்கனூர். பொழுது விடியுமுன் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருகிற தொழில். தேனி, கம்பம், போடிப் பக்கத்திலிருந்து கல்கத்தா வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மலைப்பாதையில் நம் பக்கத்தில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்தால் நாலாயிரம் அடிக்கு மேல் உயரம். அந்த ஜீப்புகள் ஓடாவிட்டால் நம் வீட்டுப் பாயசத்துக்கு ஏலக்காய் கிடையாது.

"மச்சான், வண்டி ஏத்தத்துல திணறுது. பெஜோ இன்ஜினைத் தூக்கிப்புட்டு டி.ஐ. போடுங்கன்னு மெக்கானிக் சொல்றாரு. பையன் என்னடான்னா எல்லாத்தையும் வித்துப்புட்டு புது தார் வாங்குவோம்கிறான். நீங்கதான் இன்ஜினோடயே கிடந்தவரு. என்ன செய்ய?"

வேடிக்கை என்னவென்றால், பெஹாலாவில் என் வீட்டிலும் ஆறு மாதமாக அதே பேச்சுத்தான். மகனுக்குத் தார் வேண்டும். டீசலா பெட்ரோலா என்று தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு பட்டிமன்றம். ஜோக்கா மெட்ரோ 2024இல் மாஜேர்ஹாட் வரை வந்த பிறகு வண்டியே எதற்கு என்பது என் மனைவியின் கட்சி. அதை நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை.

இரண்டு வீட்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: ஜீப்பின் புது இன்ஜின் பழையதைவிட எதில் மேல், எதில் இல்லை? கம்பெனிக்காரர்கள் குதிரைத்திறனை வைத்துப் பதில் சொல்வார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொல்லி மாமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாமாவின் முதல் ஜீப் எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய பெட்ரோல் ஜீப். மஹிந்திரா கம்பெனி அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் உரிமம் பெற்று இங்கே செய்த சி.ஜே. 3பி. அந்த வண்டியை நினைவிருக்கிறவர்கள் அதன் மூக்கை நினைத்துப் பாருங்கள். பானெட் மட்டும் மற்ற ஜீப்புகளைவிட நிமிர்ந்து, சற்று அகங்காரமாகத் தெரியும். அழகுக்காகச் செய்தது இல்லை அது. உள்ளே இருந்த புது இன்ஜினுக்கு இடம் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய ராணுவ ஜீப்பில் இருந்தது 'கோ டெவில்' என்ற இன்ஜின். அதில் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் இன்ஜின் தலை தட்டையாக இருக்கும். ஆனால் காற்று வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். 1953இல் வந்த சி.ஜே. 3பியில் காற்று வால்வை மட்டும் மேலே, தலைக்குள் கொண்டுபோனார்கள். வால்வைப் பெரிதாக்க முடிந்தது, காற்றும் நேரே இறங்கியது. இந்த இன்ஜினுக்குப் பெயர் 'ஹரிக்கேன்'. இரண்டுமே 2199 சிசிதான். பழையது 60 குதிரைத்திறன், புதியது 75. வால்வு இடம் மாறியதில் நாலில் ஒரு பங்கு கூடியது. இன்ஜின் உயரமாகிவிட்டதால் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் அந்த வண்டியை நிறுத்தியே விட்டார்கள். நம் நாட்டில் அந்த நிமிர்ந்த மூக்கு அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் போட்டு மாமாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போது ஊரில் பலரும் செய்த வேலையை அவரும் செய்தார். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் இன்ஜினை ஜீப்பில் ஏற்றினார். நான் பாலிடெக்னிக் முடித்திருந்த சமயம். சும்மா இருப்பேனா? "என்ன மாமா, 75 குதிரையை அவுத்து விட்டுட்டு 35 குதிரையைப் பூட்டுறீங்களே!" என்றேன். மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை ஆட்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினார். வண்டி அதே வளைவுகளில் அதே கியரில் ஏறியது. மேலே போய் டீக்கடையில், "எங்கடா போச்சு உன் நாற்பது குதிரை?" என்று கேட்டார்.

எங்கே போனது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

இன்ஜின் தன் அச்சைத் திருகும் பலத்துக்கு முறுக்கு விசை என்று பெயர். மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். அச்சில் ஒரு மீட்டர் கம்பியை மாட்டி அதன் நுனியில் நூறு கிராம் எடையைத் தொங்கவிட்டால் வருகிற திருகல் ஏறக்குறைய ஒரு நியூட்டன் மீட்டர். ஹரிக்கேன் இன்ஜினின் உச்ச முறுக்கு சுமார் 155, அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றில். அதாவது கம்பி நுனியில் பதினாறு கிலோ அரிசிப் பை. குதிரைத்திறன் என்பது இந்த முறுக்கையும் சுற்றையும் பெருக்கி வருவது. முறுக்கு கூடாமலே சுற்றை மட்டும் கூட்டினாலும் குதிரைத்திறன் கூடிவிடும்.

ஹரிக்கேனின் 75 குதிரை வருவது 4000 சுற்றில். பதினைந்து பேரை வைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவில் இன்ஜினை 4000 சுற்றுக்கு யார் விரட்டுவார்கள்? மாமா ஓட்டியது 2000க்குள்தான். அந்த இடத்தில் கணக்குப் போட்டால் அந்தப் பெட்ரோல் இன்ஜின் தருவது சுமார் 44 குதிரை. டிராக்டர் இன்ஜின் தன் 35 குதிரையையும் 1900 சுற்றுக்குள்ளேயே தந்துவிடும்; முறுக்கு அப்போதே 130க்கு மேல் வரும். ஆக, காகிதத்தில் 40 குதிரை வித்தியாசம். மலையில் ஒன்பது. அதையும் டீசலின் பொறுமை ஈடுகட்டிவிட்டது. சுற்று இறங்கினாலும் அது சட்டென்று அணைந்துபோகாமல் கனத்த ஃப்ளைவீலின் தயவில் இழுத்துக்கொண்டே நிற்கும்.

மாமாவுக்கு வேறு விதத்தில் அடி விழுந்தது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்றைய கேள்விக்கும் பொருந்துகிறது. அந்த ஜீப்பின் கிரவுன் விகிதம் 5.38. இன்ஜின் 5.38 முறை சுற்றினால்தான் டாப் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்றும். 4000 சுற்று ஓடும் பெட்ரோல் இன்ஜினை நினைத்து வைத்த விகிதம் அது. சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், 4000 சுற்றில் மணிக்கு 98 கிலோமீட்டர் போகலாம். 1900 சுற்றிலேயே மூச்சு முடியும் டிராக்டர் இன்ஜினைப் போட்டால்? 47. மதுரையில் கல்யாணம் என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டியிருந்தது. டிராக்டர் இன்ஜின் கனம் வேறு. முன் ஸ்பிரிங் தொய்ந்தது. பெட்ரோலுக்காகச் செய்த கியர் பாக்ஸ் டீசலின் குத்தலைத் தாங்காமல் இரண்டு வருடத்தில் பல் உடைந்தது. இன்ஜினை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது என்பதை மாமா சொந்தக் காசில் கற்றுக்கொண்டார்.

நான் கல்கத்தா வந்து, தாராதலா பக்கத்து ஒர்க்ஷாப்பில் சேர்ந்து, பெஹாலாவில் குடியேறிய பிறகுதான் 'பெஜோ' காலம் வந்தது. மஹிந்திரா 1979இல் பிரான்சின் பெஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இன்ஜினை இங்கே செய்யத் தொடங்கியது. அந்தப் பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 2112 சிசி. எம்.எம். 540 ஜீப்பிலும் கமாண்டரிலும் வந்தது இதுதான். வண்டிக்கென்றே செய்த டீசல் என்பதால் 4500 சுற்று வரை தாராளமாக ஓடும், 62 குதிரைத்திறன் தரும், சத்தமும் டிராக்டர் அளவுக்கு இல்லை. ஆனால் முறுக்கு சுமார் 120தான். மாமாவின் பழைய பெட்ரோல் ஜீப்பைவிடக் குறைவு! எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டில் "பெஜோ ஓட்டத்துக்கு, டி.ஐ. ஏத்தத்துக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. அனுபவத்தில் வந்த பேச்சு. ஆனால் எண்களும் அதையேதான் சொல்கின்றன.

டி.ஐ. என்றால் டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. பெஜோவில் அப்படி இல்லை. தலைக்குள் ஒரு சின்ன அறை. டீசல் முதலில் அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாயும். எரிதல் சாந்தமாக இருக்கும், ஆனால் அந்த அறையின் சுவர் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் ஹீட்டர் பிளக் போட்டுக் காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. டி.ஐ.யில் பிஸ்டன் தலையில் குடைந்த குழியிலேயே டீசல் எரிகிறது. சூடு வீணாவது குறைவு, மைலேஜ் கூடுதல், சத்தமும் கூடுதல். டி.ஐ.யிலும் பல தலைமுறை உண்டு. 2010இல் வந்த முதல் தாரில் இருந்த டி.ஐ. 2523 சிசி, 63 குதிரைத்திறன். முறுக்கு சுமார் 180, அதுவும் 1500 முதல் 1800 சுற்றுக்குள்.

பெஜோ 62, டி.ஐ. 63. விளம்பரத்தில் பார்த்தால் ஒரே ஒரு குதிரை கூடியிருக்கிறது, இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். முறுக்கைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு.

இதே கூத்தை நான் இன்னொரு மலையில் பார்த்தேன். 2023 ஏப்ரலில் குடும்பத்தோடு சந்தக்ஃபூ போயிருந்தோம். நம்மில் பலர் டார்ஜிலிங்கோடு திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் இதையும் பார்த்துவிடுங்கள். சியால்தாவில் ராத்திரி ரயில் ஏறி நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து மானேபஞ்ஜாங். அதற்கு மேல் சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை, 3636 மீட்டர் உயரத்துக்கு. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். இன்று பாதையின் பெரும்பகுதி சிமெண்ட் ஆகிவிட்டது. முன்பு உருண்டைக் கல்லைக் கொட்டி வைத்த பாதை. அதில் ஏறியது 1950களின் லேண்ட் ரோவர்கள்தான். 2018இல் அந்தக் கம்பெனி தன் எழுபதாம் ஆண்டுக்காக இந்த மலை வண்டிகளைப் பற்றியே ஒரு படம் எடுத்தது. இப்போது பொலேரோக்கள் பெருகிவிட்டன. எங்களுக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு லேண்ட் ரோவர் கிடைத்தது.

லேண்ட் ரோவர் 1948இல் வந்தபோது 1595 சிசி பெட்ரோல் இன்ஜின், 50 குதிரைத்திறன். 1950களின் தொடக்கத்தில் அதை 1997 சிசியாகப் பெரிதாக்கினார்கள். குதிரைத்திறன் எவ்வளவு ஆயிற்று? 52. அவ்வளவுதான். ஆனால் முறுக்கு 108இலிருந்து 137 ஆனது. அது கிடைக்கும் சுற்று 2000இலிருந்து 1500க்கு இறங்கியது. கல்லில் ஏறும் வண்டிக்கு எது வேண்டும் என்று அந்த வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. (இந்த இன்ஜினிலும் ஹரிக்கேனைப் போலவே காற்று வால்வு மேலே, புகை வால்வு பக்கத்தில். ஒரே காலத்து மூளைகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.)

பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஓட்டுநர் பானெட்டைத் திறந்தார். பழக்க தோஷம், நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது மஹிந்திரா டீசல்! மேலே பிரிட்டிஷ் தகடு, உள்ளே நம் ஊர்ச் சாமான். அங்கே பல வண்டிகளில் இப்படித்தான். பெட்ரோல் இன்ஜினுக்கு உதிரிச் சாமான் கிடைப்பதில்லை, டீசல் சிக்கனம், சிலிகுரியில் யாரும் சரிசெய்து கொடுப்பார்கள் என்றார். போடியில் மாமா சொன்ன அதே காரணங்கள், நேபாளி வாயில்.

சந்தக்ஃபூவில் இன்னொரு சங்கதியும் உண்டு. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. 3636 மீட்டரில் ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைவான ஆக்ஸிஜன். நமக்கு மூச்சு வாங்குவதுபோல இன்ஜினுக்கும் வாங்கும். கீழே 52 குதிரை தந்த பெட்ரோல் இன்ஜின் அங்கே 36 தந்தால் பெரிது. கார்புரேட்டர் வேறு காற்று குறைந்தது தெரியாமல் பெட்ரோலை வழக்கம்போல் ஊற்றிக்கொண்டிருக்கும். கறுப்புப் புகை வரும். போடிமெட்டு உயரத்தில் இழப்பு சுமார் எட்டில் ஒரு பங்கு. கமாண்டரின் 62 குதிரை மேல் வளைவுகளை எட்டும்போது 54 ஆகிவிடுகிறது. ஏற்றம் கடுமையாகும் இடத்தில் பலம் குறைகிறது.

புது இன்ஜின் உண்மையாகவே ஜெயிப்பது இங்கேதான். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு விசிறி. அதே அச்சில் மறுபக்கம் இன்னொரு விசிறி காற்றைப் பிடித்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வெளிக்காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும். முழுக்க இல்லை, பெரும்பங்கு. இதோடு காமன் ரெயில். பழைய பம்ப் சில நூறு பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளியது என்றால் இது 1600 பார் அளவில், முடி நுழையாத துளைகள் வழியே, பனிப்புகைபோலத் தூவும். எப்போது, எவ்வளவு, எத்தனை தவணையாக என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

விளைவைப் பாருங்கள். டி.ஐ. தன் உச்ச முறுக்கை 1500 முதல் 1800 வரை தந்தது என்றேனே, அது 300 சுற்று அகலம். அதற்குள் வண்டியை வைத்திருப்பதுதான் ஓட்டுநரின் சாமர்த்தியம். 2010 தாரின் உயர்ந்த ரகத்தில் வந்த 2498 சிசி சி.ஆர்.டி.இ. இன்ஜின் 105 குதிரை, 247 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த உச்சம் 1800க்கும் 2000க்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். 2020இல் வந்த தாரின் 2184 சிசி எம்ஹாக் டீசல் 130 குதிரை. முறுக்கு 300. அது 1600 முதல் 2800 வரை அப்படியே நிற்கிறது. ஜன்னல் போய் வாசலே ஆகிவிட்டது. கியரைத் தப்பாகப் போட்டாலும் வண்டி மன்னித்துவிடும். இன்ஜினோ பழைய டி.ஐ.யைவிடச் சின்னது.

அதைவிட ஆச்சரியம் அதே ஆண்டு வந்த பெட்ரோல் இன்ஜின், 1997 சிசி எம்ஸ்டாலியன். 150 குதிரை, மேனுவல் கியர் வண்டியில் 1250 சுற்றிலேயே 300 நியூட்டன் மீட்டர் வந்து 3000 வரை நிற்கிறது. டீசலைவிடக் கீழே தொடங்குகிறது! மலைக்கு டீசல்தான் என்று ஐம்பது வருஷமாக நாங்கள் சொல்லிவந்ததை இது கவிழ்த்துவிட்டது. சிசியைப் பாருங்கள்: 1950களின் லேண்ட் ரோவரும் 1997, இதுவும் 1997. அது 137, இது 300.

அப்படியானால் பழையது எதில்தான் மேல்? பழைய டீசலுக்கு உயிர் வாழக் காற்றும் டீசலும் போதும். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பாட்டரியைக் கழற்றினாலும் ஓடும். பம்ப், நாசில், வால்வு எல்லாம் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. டிரம்மில் வைத்திருந்த அழுக்கு டீசலை ஊற்றினால் முணுமுணுத்துக்கொண்டே ஓடும். புது இன்ஜினுக்கு அதே டீசல் விஷம். ஒரு சென்சார் தகராறு செய்தால் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகப் பலத்தைக் குறைத்துவிடும். ஏலத்தோட்ட நடுவில் நின்றுகொண்டு அதோடு வாதாட முடியாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பழையதோ புதியதோ யாருக்கும் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 23ஆம் தேதி மழை நம் யாருக்கும் மறக்காது. எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தெரிந்தவர் ஒருவர் காரைத் தண்ணீருக்குள் விட்டு, நின்றதும் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அவருக்கு அதுதான் நடந்தது. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்கிறது கம்பெனி. அதுவும் மெதுவாகப் போனால்தான். தண்ணீரில் நின்றுபோன வண்டியைச் சாவி திருப்பாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். கட்டுரையில் வேறு எதுவும் நினைவில்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

மகனுக்கு நான் சொன்னது பெட்ரோல். காரணம் மலை இல்லை, டயமண்ட் ஹார்பர் ரோடு. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சற்று நேரம் தொடர்ந்து வேகமாக ஓடிச் சூடேற வேண்டும். சௌராஸ்தாவிலிருந்து தாராதலாவுக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கே வரும்? கரி அடைத்து விளக்கு எரியும். தினம் நெடுஞ்சாலையில் போகிறவர் டீசல் வாங்கலாம். அவன் போவது ஆபீசுக்கு, வருஷத்துக்கு ஒருமுறை மலைக்கு.

இனி போடிக்குப் பதில். மாப்பிள்ளை, உன் மகன் சொல்லும் தார் நல்ல வண்டிதான். ஆனால் அதில் நாலு பேர் உட்காரலாம்; 2024இல் வந்த ஐந்து கதவு ராக்ஸில் ஐந்து பேர். உன் தொழிலுக்கு ஆகாது. முதலில் இருக்கிற இன்ஜினைச் சோதித்துப் பார். பெஜோ எப்போதுமே ஏற்றத்தில் மெதுதான். ஆனால் நேற்று ஏறின இடத்தில் இன்று திணறினால் அது இன்ஜினின் குணம் இல்லை, தேய்மானம். கம்ப்ரஷன் எத்தனை என்று நாலு சிலிண்டரிலும் அளக்கச் சொல். நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் பார். அதற்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டி.ஐ. போடு, உன் ஏற்றத்துக்கு அது பொருந்தும். ஆனால் பெஜோ 4500 சுற்று ஓடுவது, டி.ஐ. 3200. கிரவுனை மாற்றாமல் போட்டால் உங்கப்பா கல்யாணத்துக்கு முந்தின நாளே கிளம்பிய கதைதான். கியர் பாக்ஸும் அந்த முறுக்கைத் தாங்குகிறதா என்று கேட்டுக்கொள்.

இன்னொன்று. இன்ஜினை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்றிவிடு. நம்பர் பொருந்தாத வண்டி வளைவில் கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாம் யாரோ ஒரு வீட்டின் அடுப்பை எரியவைக்கிறவர்கள். அவர்கள் குடிக்கிற புகையையும் நினை. ஏற்றத்தில் இழுக்கட்டும் என்று பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டி வைத்தால் கறுப்புப் புகை வளைவுக்கு வளைவு திரும்பி வண்டிக்குள்ளேயே வரும். பி.எஸ். 4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.025 கிராம் கரி வரை அனுமதி, பி.எஸ். 6இல் அது 0.0045. உன் வண்டி இந்த இரண்டுக்கும் முந்தின காலத்தது. பம்ப்பைச் சரியான அளவுக்கு இறக்கி வை. ஒரு ஆளைக் குறைத்து ஏற்று.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லையாம். நாசில் இரண்டு ஒழுகுகிறதாம். ரிங் செட்டும் நாசிலும் மதுரையில் சொல்லியிருக்கிறது, இன்ஜினை இறக்கிவிட்டார்கள், டி.ஐ. பேச்சை அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றான்.

"ஆளு?" என்றேன்.

"குறைச்சிருக்கேன் மச்சான்."

"எத்தனை?"

"வண்டி இறங்கி வரட்டும், சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டான்.